டுரியானுக்கு மேலே விஸ்கி

ஒன்பதாம் அத்தியாயம்

போன வாரம் தோட்டத்துக் கணக்கெழுதும் பெரிய கிராணியார் அருளம்பலத்தாரின் பிடரியில் வந்த சூட்டுக் கட்டி உடைந்தது உங்களுக்கு நினைவிருக்கும். உடைந்த உடனேயே அவர் பிள்ளையார் படத்துக்கு முன்னால் நின்று, இந்தப் பருவம் முடியுமட்டும் டுரியானைத் தொடமாட்டேன் என்று மனைவி கனகாம்பிகை கேட்கச் சத்தியம் செய்தார். கட்டி ஆறிவிட்டது. சத்தியமும் கட்டியோடு சேர்ந்து கொஞ்சம் ஆறிப் போயிருக்கும் என்று கனகாம்பிகைக்கு ஒரு சந்தேகம். அதனால் சனிக்கிழமை காலையிலிருந்தே டுரியான் சூட்டைத் தணிக்க ஒரு கூடை மங்குஸ்தீனை வாங்கிக் குசினிக் கதவடியில் வைத்திருந்தாள்.

கனகாம்பிகைக்கு உலகத்தில் இரண்டே சாதி. சூடு ஒன்று, குளிர்ச்சி மற்றது. மிளகு, உள்ளி, வேர்க்கொம்பு, மாம்பழம், கோழி எல்லாம் அந்தப் பக்கம். பயறு, பூசினி, மோர், கீரை, இளநீர் இந்தப் பக்கம். அந்தப் பக்கம் ஒரு பிடி விழுந்தால் இந்தப் பக்கமும் ஒரு பிடி விழ வேண்டும். கலியாணமாகி வந்த நாளிலிருந்து கிராணியாரின் வயிற்றை அவள் நகைக்கடைத் தராசு மாதிரிப் பார்த்து வருகிறாள்.

யாழ்ப்பாணத்தில் இருந்தவரை இதில் சிக்கலில்லை. எதற்கும் முன்னோர் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். கப்பலேறி மலாயாவுக்கு வந்த பிறகுதான் கஷ்டம். ரம்புத்தான் எந்தப் பக்கம், சொல்ல ஆளில்லை. தகர டப்பாப் பாலை என்ன செய்வது? பால் என்று பார்த்தால் குளிர்ச்சி. காய்ச்சித் தகரத்துக்குள் அடைத்தது என்று பார்த்தால் சூடு. மலாக்கா டவுனில் விற்கிற ஐஸ் கைக்குக் குளிர்கிறது. ஆனால் அதைத் தின்ற மறுநாள் கிராணியாருக்கு வாய்ப்புண் வந்தது. ஆகவே ஐஸ் சூடு. இப்படி ஒவ்வொன்றையும் புருஷனுக்குக் கொடுத்துப் பார்த்துத்தான் அவள் தீர்ப்புச் சொன்னாள். அவர் உடம்பில் வந்த கட்டி, தடிமல், கண்ணெரிச்சல் எல்லாம் அவளுக்கு ஒவ்வொரு பாடம். அவரும் பாவம், பொறுமையாக எல்லாப் பாடமும் படித்தார்.

டுரியானுக்கு மட்டும் பரீட்சை தேவைப்படவில்லை. மணமே சொல்லிவிட்டது.

இதற்கிடையில் வீட்டில் ஒரு கத்தரிக்காய்ப் போரும் நடந்துகொண்டிருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

மகள் சந்திராதேவிக்குத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரஸ்ஸர் ஜெயரட்ணத்தைப் பேசினார்கள் அல்லவா? பொருத்தம் நன்றாக இருந்தது. பெண்ணுக்கும் மனம் இருந்தது. கனகாம்பிகை கூறைச் சேலைக்கு நிறம்கூட யோசித்து வைத்துவிட்டாள். அந்தச் சமயம் பார்த்துப் புக்கிட் ரம்பாயில் ஒரு கலியாணப் பந்தி. கத்தரிக்காய்க் கறி வந்தபோது கிராணியார் இலையைக் கையால் மறைத்து, "வேண்டாம், கிரந்தி. மேலெல்லாம் சொறியும்" என்றார். பக்கத்து இலையில் இருந்த ஜெயரட்ணம், "கிரந்தியும் இல்லை, சூடும் இல்லை, ஐயா. எல்லாம் மனம்தான். சாப்பிடுங்கோ" என்று சிரித்தான். சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள்.

கிராணியார் எழும்பிக் கை கழுவினார். அந்தச் சம்பந்தத்தையும் அதிலேயே கழுவிவிட்டார்.

அன்றிலிருந்து சந்திராதேவி அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. தினமும் கத்தரிக்காய் சமைத்தாள், அவ்வளவுதான். ஒரு நாள் பால்கறி, ஒரு நாள் பொரித்த குழம்பு, ஒரு நாள் சுட்டுச் சம்பல். அப்பாவின் சாப்பாட்டுக் கோப்பையில் வைக்க மாட்டாள். அவர் கண்ணுக்கு நேரே மேசை நடுவில் வைப்பாள்.

சனிக்கிழமை மதியமும் அது மேசையில் இருந்தது. கிராணியார் வழக்கத்தைவிட முந்தியே வந்துவிட்டார். வந்தவர் மரப்படி ஏறவில்லை. கீழேயே நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு முன்னால் அவருடைய மணம் ஏறி வந்து குசினிக்குள் நுழைந்தது.

கனகாம்பிகை கீரையை வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

"டுரியான்" என்றாள்.

"ஓம்."

"பிள்ளையாருக்கு முன்னாலை நிண்டு சொன்னியளே."

"ஒரு சுளை, கனகம். மெர்லிமாவ் றோட்டிலை ஒரு மலாய்க்காரன் உடைச்சு வைச்சிருந்தவன். வாயிலை வைச்சுப் பாத்தனான்."

"ஒரு சுளைக்கே உங்கடை முகம் இப்படி வெளிறினது?"

"அதுக்கில்லை." கிராணியாரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. "பேந்து துரை கூப்பிட்டவர்."

தோட்டத்து வெள்ளைக்காரத் துரை சீமைக்கு லீவில் போகிறார். போகுமுன் பெரிய கிராணியை பங்களாவுக்கு அழைத்திருக்கிறார். இத்தனை வருஷம் நின்றுகொண்டே பேசிய மனிதரை அன்றைக்கு நாற்காலியில் இருக்கச் சொன்னார். இருந்த பிறகு தன் கையாலேயே ஒரு கிளாஸில் விஸ்கி ஊற்றி நீட்டினார்.

"என்னெண்டு மறுக்கிறது? துரை, நான் டுரியான் சாப்பிட்டிட்டன் எண்டு இங்கிலீசிலை சொல்லலாமோ?"

"குடிச்சியளோ?"

"மிச்சப் போத்தலையும் தந்துவிட்டவர்" என்று கோட்டுப் பையைத் தொட்டுக் காட்டினார் கிராணியார்.

கனகாம்பிகை அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

டுரியானுக்கு மேலே சாராயம் போனால் ஆள் தப்பாது என்பது மலாக்காச் சீமையில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். மலாய்க்காரரும் சொல்வார்கள், சீனரும் சொல்வார்கள், நம்மவரும் சொல்வார்கள். வேறு எதிலும் ஒத்துப் போகாதவர்கள் இது ஒன்றில் ஒரே பேச்சு.

பக்கத்து வீட்டு ரோசலின் வேலிக்கு மேலால் எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். லாரி ஓட்டுகிற கிளீட்டஸின் மனைவி அவள். நல்ல மனசு. ஆனால் எந்த வருத்தத்துக்கும் அவளிடம் ஒரு கதை இருக்கும்.

"ஐயோ அக்கா, குருபோங்ல எங்க சின்னம்மா வீட்டுக்குப் பக்கத்துல வீரமுத்துன்னு ஒருத்தன். இதே மாதிரிதான். டுரியான் தின்னுட்டுக் கள்ளுக் குடிச்சிட்டான்."

"செத்துப் போனானோ?" என்று படியின் கீழிருந்து கேட்டார் கிராணியார்.

"வீங்கிட்டான்லா."

"பேந்து?"

"பெறகு வத்திட்டான்ங்க ஐயா. ஆனா பழைய ஆளா இல்லேன்னு சொல்றாங்க."

கிராணியார் தன் வயிற்றைத் தடவிப் பார்த்தார். கொஞ்சம் வீங்கியிருப்பது போலத்தான் இருந்தது. அது வழக்கமாகவே அப்படித்தான் இருக்கும் என்பது அப்போது யாருக்கும் நினைவு வரவில்லை.

கனகாம்பிகை எழும்பினாள். இந்த மாதிரி ஒரு நாளுக்காகவே கடவுள் தன்னைப் படைத்திருக்கிறார் என்று அவளுக்கு உள்ளூரத் தோன்றியிருக்க வேண்டும். சேலையை இழுத்துச் சொருகினாள். புருஷனைத் தாங்கிக் கொண்டுபோய்ச் சாய்மனை நாற்காலியில் கிடத்தினாள். மங்குஸ்தீன் கூடையை இழுத்தாள்.

"இப்ப உண்மையைச் சொல்லுங்கோ. எவ்வளவு சூடு உள்ளை போனதெண்டு தெரிஞ்சால்தான் எவ்வளவு குளிர்ச்சி குடுக்கிறதெண்டு தெரியும். ஒரு சுளைதானோ?"

"மூண்டு இருக்கும்."

அவள் பழத்தை உடைத்து ஊட்டினாள். அவர் விழுங்கினார்.

"மூண்டுதானோ?"

"ஒரு பழம் எண்டு வையுமன்."

இன்னும் சில மங்குஸ்தீன் உள்ளே போயின. அதற்கு மேல் இளநீர்.

"இஞ்சாருங்கோ, உயிர் போற விஷயம்."

"ரெண்டாவது பழத்தை அவன் சும்மா தந்தவன், கனகம். முகத்தை முறிக்கக் கூடாதெண்டு..."

கனகாம்பிகை குசினிக்குள் போனாள். மோர்ப் பானையை அப்படியே தூக்கி வந்தாள்.

ரோசலின் தன் வீட்டிலிருந்து டுரியான் தோல் ஒன்றைக் கொண்டு வந்தாள். தோலின் குழியில் தண்ணீர் விட்டு உப்புப் போட்டுக் குடித்தால் அந்தப் பழத்தின் சூட்டை அதன் தோலே இறக்கிவிடும் என்பது இங்கத்தைய வழக்கம். அதுவும் குடித்தார். சந்திராதேவி தலையில் நல்லெண்ணெய் வைத்தாள். நெற்றியில் ஈரத்துணி போட்டாள். வெந்தயம் ஊறிய தண்ணீர் வந்தது. பூசினிச் சாறு வந்தது.

கொஞ்ச நேரத்தில் கிராணியாரின் பல் கிடுகிடுவென்று அடிக்கத் தொடங்கியது.

"அக்கா, குளிர்ச்சி கூடிப் போச்சு" என்றாள் ரோசலின். "இது ஜன்னியில கொண்டு விட்டுரும்."

கனகாம்பிகை குசினிக்கு ஓடினாள். மிளகு, உள்ளி, வேர்க்கொம்பு, ஓமம் எல்லாம் ஒன்றாய்க் கொதித்தன. கிராணியார் அதைக் குடித்தார். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வந்தது. முகம் சிவந்தது, உடம்பெல்லாம் வியர்த்தது.

"சூடு திரும்பி ஏறுது" என்று கனகாம்பிகை மறுபடி மோரைத் தூக்கினாள்.

"கனகம்" என்றார் கிராணியார். "நான் செத்தால் சாகிறன். வயித்திலை இடமில்லை."

அந்தச் சொல்லைக் கேட்டதும் கனகாம்பிகை வைத்தியத்தை நிறுத்தினாள். மோர்ச் செம்பைக் கீழே வைத்து அவர் காலைப் பிடித்துக்கொண்டாள். எவ்வளவு அதட்டினாலும் இந்த மனிதர் இல்லாமல் அவள் யாருக்குக் கீரை ஆய்வாள்?

கிராணியார் கண்ணை மூடிக் கொஞ்சம் யோசித்தார். பிறகு மெல்ல, "பிள்ளை, இஞ்ச வா" என்றார்.

சந்திராதேவி அருகில் வந்து முட்டுக்காலில் இருந்தாள்.

"உனக்கு நான் ஒரு அநியாயம் செய்துபோட்டன். ஒரு கத்தரிக்காய்க்காக நல்ல பெடியன் ஒருத்தனை வேண்டாமெண்டிட்டன்."

"இப்ப ஏனப்பா அதை."

"இப்ப சொல்லாமல் எப்ப சொல்லுறது? அவனையே கட்டு. கொம்மா சாட்சி. ரோசலினும் சாட்சி."

"மாதா மேல சத்தியமா என் ரெண்டு காதாலயும் கேட்டேன்ங்க ஐயா" என்றாள் ரோசலின்.

சந்திராதேவி அழுதாள். நடிப்பில்லாத அழுகை. அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "டிரஸ்ஸரைக் கூட்டிவரக் கிளீட்டஸ் அண்ணை அப்பவே சைக்கிளிலை போயிட்டார், அப்பா" என்றாள்.

"எந்த டிரஸ்ஸர்?"

"இந்தத் தோட்டத்திலை எத்தனை டிரஸ்ஸர் இருக்கினம்?"

கிராணியார் மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.

ஜெயரட்ணம் மருந்துப் பையோடு வந்து சேர்ந்தான். வெயிலில் சைக்கிள் மிதித்துச் சட்டை நனைந்திருந்தது. மோர்ச் செம்பையும், மங்குஸ்தீன் தோல் குவியலையும், மிளகுத் தண்ணீர்ச் சட்டியையும், எண்ணெய் வழிகிற கிராணியாரையும் மாறி மாறிப் பார்த்தான். நாடி பார்த்தான். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டான். வயிற்றைத் தட்டினான். தட்டிய இடத்தில் குடத்துத் தண்ணீர் மாதிரிச் சத்தம் கேட்டது.

"ஒளியாமல் சொல்லும், தம்பி. பொழுது படுமட்டும் இருப்பனோ?"

ஜெயரட்ணம் வாயைத் திறந்தான். என்ன சொல்லப் போகிறான் என்று கனகாம்பிகைக்குத் தெரிந்துவிட்டது. டுரியானும் இல்லை, சூடும் இல்லை, எல்லாம் மனம்தான். அதைத்தானே சொல்லப் போகிறான்? சொன்னால் புக்கிட் ரம்பாய்ப் பந்தி மறுபடி தொடங்கிவிடும். இப்போதுதான் கிடைத்த வாக்கு அதோடு போய்விடும். அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். அறை வாசலில் சந்திராதேவி இருமினாள்.

ஜெயரட்ணம் வாயை மூடிக்கொண்டான். பிறகு நிதானமாக, "வர வேண்டியது வாறதெண்டால் இதுக்குள்ளை வந்திருக்கும், ஐயா. இனிப் பயமில்லை" என்றான்.

அவன் ஒரு பொய்யும் சொல்லவில்லை, கவனித்தீர்களா? கனகாம்பிகையும் கவனித்தாள். கெட்டிக்காரப் பிள்ளை என்று நினைத்துக்கொண்டாள்.

சாவு இல்லை என்றதும் கிராணியார் எழும்பி உட்கார்ந்தார். எண்ணெயைத் துடைத்தார். பசிக்கிறது என்றார். உயிர் திரும்பியதோடு அவருடைய பழைய பிடிவாதமும் திரும்பி வந்தது.

"நான் சாகப் போறன் எண்டு நினைச்சுச் சொன்னது. இப்ப நான் சாகேல்லை. அப்ப அந்தச் சொல்லு செல்லுமோ, கனகம்?"

"சொன்ன நேரம் நீங்கள் சாகப் போற ஆள்தானே. செல்லும்."

"அப்ப தம்பி ஒண்டு செய்யட்டும்." கிராணியார் கோட்டுப் பையிலிருந்து துரையின் போத்தலை எடுத்து மேசையில் வைத்தார். "ரோசலின், உங்கடை வீட்டிலை டுரியான் இருக்கே?"

இருந்தது. ஒரு கோப்பை நிறையச் சுளை வந்து கத்தரிக்காய்ச் சம்பலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. கிராணியார் கிளாஸில் விஸ்கியை ஊற்றினார்.

"சூடும் இல்லை, குளிரும் இல்லை எண்டீரே, அத்தனை பேருக்கு முன்னாலை. சாப்பிடும். சாப்பிட்டிட்டு இதைக் குடியும். பாப்பம்."

கனகாம்பிகை மனசுக்குள் கணக்குப் போட்டாள். குடித்துவிட்டு அவன் சும்மா நின்றால் கிராணியார் தோற்றுப் போவார். தோற்ற மனிதர் பெண் கொடுக்க மாட்டார். குடித்துவிட்டு அவன் விழுந்தால், பெண் கொடுக்க மாப்பிள்ளையே இருக்க மாட்டான்.

ஜெயரட்ணம் டுரியானைச் சாப்பிட்டான். அதில் தயக்கமே இல்லை. இரண்டு சுளை, மூன்று சுளை என்று ரசித்துச் சாப்பிட்டான். விரலைத் துடைத்துக்கொண்டு கிளாஸை எடுத்தான். உதடுவரை கொண்டு போனான்.

அங்கே கை நின்றுவிட்டது.

மேல் உதட்டில் முத்து முத்தாய் வியர்வை. கண் ஒருமுறை வாசல் பக்கம் போய் வந்தது. ரோசலின் சிலுவை போட்டுக்கொண்டாள். 

ஜெயரட்ணம் கிளாஸை மெல்ல மேசையில் வைத்தான்.

"எனக்குச் சூட்டு உடம்பு, மாமா" என்றான்.

கிராணியார் முதலில் அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். வயிறு குலுங்க, உள்ளே இருந்த மோரும் இளநீரும் சேர்ந்து குலுங்கச் சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு, "பிள்ளை, அந்தக் கத்தரிக்காயை இஞ்சாலை தள்ளு" என்று தானே ஒரு கரண்டி எடுத்துப் போட்டுக்கொண்டார். "ஆடி போகட்டும், தம்பி. ஆவணியிலை உங்கடை ஆக்களை வரச் சொல்லும்."

கனகாம்பிகை கண்ணைத் துடைத்துக்கொண்டு மாப்பிள்ளைக்கு மங்குஸ்தீன் உடைத்தாள். ஏன் என்று கேட்காமலே அவன் வாங்கித் தின்றான்.

வெயில் தாழ்ந்து அவன் புறப்பட்டான். படியில் சந்திராதேவி டுரியான் தோலில் தண்ணீர் விட்டு நீட்டினாள். கனகாம்பிகை யன்னலோரம் நின்றாள். ஒட்டுக் கேட்க அல்ல. காற்றுக்காக.

"பயந்து சொன்னியளோ? விட்டுக் குடுத்துச் சொன்னியளோ?" என்று மகள் கேட்பது காதில் விழுந்தது.

ஜெயரட்ணம் தோலில் இருந்த தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் குடித்தான். "நீர் என்ன நினைக்கிறீர்?" என்றான். சைக்கிளில் ஏறிப் போய்விட்டான்.

கிராணியார் முன்புறம் போய்ச் செத்துப் பிழைத்த கதையை ரோசலினுக்கும், திரும்பி வந்த கிளீட்டஸுக்கும் சொல்லத் தொடங்கினார். கதையில் துரை ஊற்றிய கிளாஸ் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிக்கொண்டு வந்தது. டுரியான்தான் மறுபடி ஒரு சுளைக்கு வந்துவிட்டது. கனகாம்பிகை விளக்குக்குத் திரி போட்டுவிட்டு மேசையை ஒதுக்க உள்ளே வந்தாள்.

கோப்பையில் டுரியான் கொட்டைகள் மட்டும் கிடந்தன. மிஞ்சியிருந்த சுளை ஒன்றும் இல்லை. ஜெயரட்ணம் வைத்துவிட்டுப் போன கிளாஸ் காலியாக இருந்தது.

பக்கத்து நாற்காலியில் சந்திராதேவி கோயிலில் இருப்பது போல நேராக உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் மடியில். வாயை இறுக்கி மூடியிருந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

"என்னடி செய்தனீ?"

"சத்தம் போடாதேங்கோ, அம்மா." அவள் மெல்லத் தொண்டையைச் செருமினாள். "தொண்டை சரியாக் காறி எரியுது."

"ஏன் பிள்ளை? ஏன்?"

"கேட்டன், அவர் சொல்லேல்லை. எனக்குத் தெரிய வேணும். எனக்கு ஒண்டும் வராட்டி, அவர் எனக்காகத்தான் அப்படிச் சொன்னவர்."

"வந்தால்?"

"வந்தால் நீங்கள் இவ்வளவு காலமும் சொன்னதுதான் சரி."

கனகாம்பிகை பதறிக் கூடைக்குக் கையை நீட்டினாள். அடியில் இன்னும் சில மங்குஸ்தீன் இருந்தன.

"வேண்டாம் அம்மா" என்றாள் சந்திராதேவி. "பழம் தந்தால் எது எதாலை வந்ததெண்டு எப்படித் தெரியும்? கொஞ்சம் பொறுங்கோ. பாப்பம்."

புருஷனுக்கு ஐஸைக் கொடுத்துவிட்டு மறுநாள் காலையில் அவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாளே, அன்றைக்குத் தன் குரலும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று கனகாம்பிகைக்குப் பட்டது. தன் வயிற்றில் பிறந்தது வேறு எப்படி இருக்கும்?

"கனகம்" என்று முன்புறமிருந்து கிராணியார் கூப்பிட்டார். "தம்பி வைச்ச கிளாஸை ஒருத்தரும் தொடாத மாதிரி எடுத்து உயர வையும்."

மகளின் கன்னம் மெதுவாகச் சிவந்து வந்தது. அது டுரியானோ, விஸ்கியோ, சைக்கிளில் போனவனை நினைத்ததோ, கனகாம்பிகையால் சொல்ல முடியவில்லை. நீட்டிய கை, மதியம் கிளாஸோடு ஜெயரட்ணத்தின் கை நின்றதுபோலவே, கூடைக்கு மேலே அப்படியே நின்றது.